ஆசாரியாரின் குதிரை

எல்லாருக்கும் வணக்கம். வாசகர் வட்டத்தில் பேசக் கூப்பிட்டவர்கள், "பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளும் வருவார்கள், ஆங்கிலச் சொற்களைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள்" என்றார்கள். நான் ஒரே ஒரு சொல்லைத்தான் கொண்டுவந்திருக்கிறேன். ஹார்ஸ். குதிரை. ஒன்றாம் வகுப்பிலேயே படத்தோடு படித்த சொல்தான்.

ஆசிரியப் பயிற்சி முடித்துவிட்டு நான் வேலைக்குக் காத்திருந்த காலம். எங்கள் தெருவில் ஒரு தச்சுப் பட்டறை இருந்தது. ஆசாரியார் புதிதாக ஒரு மின்ரம்பம் வாங்கினார். அதோடு வந்த சிறு புத்தகம் ஆங்கிலத்தில் இருந்ததால் என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார். பலகையை இரண்டு ஹார்ஸ் மேல் வைத்து அறுக்கவும் என்று அதில் ஒரு வரி. எனக்குத் தெரிந்த பொருள் அந்த வரிக்குப் பொருந்தவே இல்லை. தயங்கித் தயங்கி, "ரெண்டு குதிரை மேல வைக்கணும்னு போட்டிருக்குங்க" என்றேன். "ஆமா தம்பி, குதிரை மேல வச்சுத்தானே அறுக்கணும்" என்று சொல்லிவிட்டு, மூலையில் கிடந்த நாலுகால் மரத்தாங்கிகள் இரண்டை இழுத்துப் போட்டார். அவர் வாயில் அதன் பெயரே குதிரைதான். ஆங்கிலம் ஓர் எழுத்துக்கூடத் தெரியாத அந்த மனிதருக்கு அந்த வரி உடனே புரிந்துவிட்டது.

அதனால்தான் பிற்பாடு வகுப்பில், ஒரு சொல்லுக்குப் பத்துப் பொருள் என்று பட்டியல் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்யச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த விலங்கிடம் இருந்து எந்தக் குணத்தை எடுத்துக்கொண்டு பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள் என்பேன்.

குதிரை முதுகில் சுமக்கும். சரி, காலூன்றி நின்று எதையாவது தாங்குகிற பொருளெல்லாம் குதிரை. இங்கிலாந்தில் துணி உலர்த்தும் மடக்குச் சட்டத்துக்கும் அந்தப் பெயர் உண்டு. நம் வீணையைப் பாருங்கள். தந்திகளைத் தாங்கி நிற்கும் பாலத்துக்குத் தமிழில் குதிரை என்று பெயர். பிரெஞ்சுக்காரர்களும் வயலின் பாலத்தைச் சின்னக் குதிரை என்றுதான் சொல்கிறார்கள். ஓவியர்கள் படத்தை நிறுத்தி வைத்து வரைகிற தாங்கிக்கு ஆங்கிலத்தில் ஈசல். மழைக்குப் பிறகு விளக்கைச் சுற்றும் நம் ஈசலுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அது டச்சு மொழியிலிருந்து வந்த சொல், அங்கே அதற்குப் பொருள் கழுதை. அதுவும் சுமக்கிற பிராணிதானே!

எல்லா இடத்திலும் இப்படி ஒத்துப்போகும் என்று நினைத்துவிடக் கூடாது. பழைய துப்பாக்கியில் பின்னுக்கு இழுத்து விடுகிற பாகத்தை நாம் குதிரை என்றோம். ஆங்கிலக்காரர்கள் அதற்குச் சேவலின் பெயரை வைத்தார்கள். சதுரங்கத்தில் நமக்குக் குதிரை, அவர்களுக்கு அதன் மேல் இருக்கும் வீரன்.

அடுத்த குணம், இழுவை. இங்கே விவசாயிகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். "அஞ்சு ஹெச்.பி. மோட்டார் போட்டிருக்கேன்" என்று சொல்கிறீர்களே, அந்த ஹெச் என்பது குதிரைதான். 1780களில் ஜேம்ஸ் வாட் தன் நீராவி எந்திரத்தை ஆலைக்காரர்களிடம் விற்க வேண்டியிருந்தது. அவர்கள் அதுவரை செக்கு மாடு மாதிரி குதிரைகளைச் சுற்றவிட்டு ஆலை ஓட்டியவர்கள். இந்த எந்திரம் எத்தனை குதிரைக்குச் சமம் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. அதற்காக அவர் ஓர் அளவு வகுத்தார். நிமிடத்துக்கு 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்தினால் அது ஒரு குதிரைத்திறன். நம் கணக்கில், நொடிக்குச் சுமார் 76 கிலோவை ஒரு மீட்டர் தூக்குவது. இன்று அது 746 வாட். அந்த வாட்டும் அவர் பெயர்தான். கிணற்றடி மோட்டாரின் தகட்டில் 3.7 கிலோவாட், 5 ஹெச்.பி. என்று இரண்டும் சேர்ந்தே இருக்கும், வீட்டுக்குப் போய்ப் பாருங்கள்.

குதிரை பெரியது, முரட்டுத்தனமானது என்பதிலிருந்தும் பெயர்கள் வந்தன. ஹார்ஸ்ரேடிஷ் என்று காரமான ஒரு கிழங்கு உண்டு. குதிரைக்கு அதைப் போடுவதில்லை. முள்ளங்கியைவிட முரடானது, அவ்வளவுதான். ஆனால் ஹார்ஸ்கிராம் என்கிற நம் கொள்ளு, குதிரைக்கு வைக்கும் தீனி என்பதால் அந்தப் பெயர் பெற்றது. அதனால் ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

கேட்காமல் விட்டதற்கு நம் செய்தித்தாள்களிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. குதிரை பேரம் என்று எழுதுகிறார்கள். அது சந்தையில் கண்ணில் மண்ணைத் தூவி விற்பதிலிருந்து வந்தது, நமக்கும் பொருள் விளங்குகிறது. ஆனால் விளையாட்டுப் பக்கத்தில் கறுப்புக் குதிரை என்கிறார்களே, அதுதான் எனக்கு வருத்தம். டார்க் ஹார்ஸ் என்பதில் நிறமே கிடையாது. பந்தயத்தில் யாருக்கும் விவரம் தெரியாத குதிரை அது, இருட்டில் இருக்கும் குதிரை. 1844இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் போல்க் என்பவரை, ஒன்பதாவது சுற்று வாக்கெடுப்பில், யாரும் எதிர்பாராமல் ஜனநாயகக் கட்சி வேட்பாளராக நிறுத்தியது. அவர் ஜனாதிபதியாகவும் ஆனார். அவரை அப்படித்தான் சொல்வார்கள். கறுப்பு என்று எழுதிய உடனே அந்தப் பொருள் முழுக்கப் போய்விடுகிறது. மறைந்திருக்கும் குதிரை என்று எழுதினால் என்ன?

அப்புறம் ஒரு பழமொழி. பரிசாக வந்த குதிரையின் வாயைப் பார்க்காதே என்பார்கள் ஆங்கிலத்தில். 1546இல் அச்சான பழமொழித் தொகுப்பிலேயே அது இருக்கிறது. குதிரையின் வயதைப் பல்லைப் பார்த்துச் சொல்லிவிடலாம், சும்மா கொடுத்ததற்கு வயது பார்ப்பது முறையில்லை என்று பொருள். இதைச் சொன்னால் சில பிள்ளைகள் முழிப்பார்கள். ஆனால் மாட்டுச் சந்தைக்குப் போய் வந்த பிள்ளை முழிப்பதில்லை. ரெண்டு பல், நாலு பல் என்று வாயைப் பிளந்து பார்த்து விலை பேசுவதை அது கண்ணால் பார்த்திருக்கிறது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று அதன் பாட்டி வீட்டிலேயே சொல்லியிருப்பாள்.