லேபிளில் ஓர் இனிஷியல்

வணக்கம். பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்று, பிறகு கொஞ்ச காலம் ஆதரவு தேவைப்படும் பிள்ளைகள் விஷயத்தில் முடிவெடுக்கிற எங்கள் மாவட்டக் குழந்தைகள் நலக்குழுவில் உறுப்பினராக இருந்தவள் நான். வளர்ப்புப் பராமரிப்பு பற்றி வானொலியில் பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

பெற்றவர்களால் வைத்துப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளையை, நலக்குழு உத்தரவு போட்டு வேறொரு குடும்பத்தில் வளர விடுகிறது. தத்து இல்லை. இன்னொரு தடவை சொல்கிறேன், தத்து இல்லை. தத்தெடுத்தால் அந்தப் பிள்ளை சட்டப்படி அந்த வீட்டுப் பிள்ளை. இதில் அப்படி எதுவும் மாறாது. இனிஷியலும் மாறாது.

இனிஷியலில் என்ன இருக்கிறது என்பீர்கள். பதினைந்து வயதுப் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள்.

ஒரு பெண். பெயரை நான் சொல்லக் கூடாது. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு அதைத் தடுக்கிறது. சில விவரங்களையும் மாற்றித்தான் சொல்கிறேன். அப்பா எங்கே என்று தெரியாது. அம்மா உடம்புக்கு முடியாதவர். குழந்தைகள் ஹோமில் இருந்தவள், எட்டாம் வகுப்பு முடித்த கையோடு ஒரு தையல்காரர் வீட்டுக்கு வந்தாள். அவரை மாமா என்பாள், அவர் மனைவியை அத்தை என்பாள். புதுப் பள்ளியில் பக்கத்தில் உட்கார்ந்த பெண் உயிர்த்தோழி ஆகிவிட்டாள். டிபன் பாக்ஸைத் திறந்தால் எது யாருடையது என்று தெரியாத அளவுக்குச் சிநேகிதம்.

நோட்டுக்கெல்லாம் பிரவுன் அட்டை போட்டு லேபிள் ஒட்டுவோம் இல்லையா? அதில் தன் பெயருக்கு முன்னால் மாமாவின் 'எஸ்' எழுதிக்கொண்டாள். யாரும் சொல்லித் தரவில்லை. பள்ளிப் பதிவேட்டில் இருந்ததோ பெற்ற தகப்பனின் 'எம்'.

பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் சரிபார்ப்பார்கள். மதிப்பெண் சான்றிதழில் அப்படியே வந்துவிடும் என்பதால் எழுத்து எழுத்தாகப் பார்ப்பார்கள். டீச்சர் சத்தமாக வாசித்தார்: எம் இனிஷியல், தகப்பனார் பெயர் இன்னது. உடனே தோழி எழுந்து, "டீச்சர், தப்பு, அவளுக்கு எஸ்" என்றாள். உதவி செய்வதாகத்தான் நினைத்தாள், பாவம். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

இங்கே நான் கொஞ்சம் கோபப்பட வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் ஒவ்வொருத்தராக எழுந்து நின்று பெயர், அப்பா பெயர், அப்பாவுக்கு என்ன வேலை என்று சொல்ல வைப்போமே, எதற்கு? பதிவேட்டில் இருக்கிறதே! சந்தேகம் இருந்தால் மேஜைக்குக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்கலாமே. அப்பா சிறையில் இருக்கிற பிள்ளை, அப்பா விட்டுப்போன பிள்ளை, எல்லாரும் அந்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்தார் மட்டும் என்ன? "இது யார் பொண்ணு?" என்று அத்தையை வாசலில் நிறுத்திக் கேட்பார்கள். "கவர்மெண்ட்டில் காசு தருகிறார்களாமே" என்பார்கள். மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய். பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு அதில் என்ன மிஞ்சும்? நீங்களே கணக்குப் போடுங்கள்.

சரி, கதைக்கு வருகிறேன். அந்தப் பெண் அப்புறம் கொஞ்ச நாள் பள்ளிக்கு வரவில்லை. தோழிக்கு எல்லாவற்றையும் நாமே சொல்லிப் புரியவைக்கலாமா என்று டீச்சர் எங்களிடம் கேட்டார். வேண்டாம் என்றோம். யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது, எப்போது சொல்வது, எல்லாம் அவள் முடிவு. பிறகு அவளே சொன்னாள், எல்லாவற்றையும் இல்லை. ஹோமில் இருந்ததைச் சொன்னாள், அம்மாவின் வியாதியைச் சொல்லவில்லை. தோழி கேட்டது ஒன்றே ஒன்று: "அப்போ லேபிளை மாத்தணுமா?" மாற்றவில்லை. பரீட்சைக்கு எம், நோட்டுக்கு எஸ்.

பெற்ற அம்மா வந்து பார்க்கவும் சட்டத்தில் இடம் உண்டு, பிள்ளைக்கு நல்லதில்லை என்று குழு கருதினால் தவிர. அம்மா வந்துவிட்டுப் போன அன்றைக்கெல்லாம் அவள் அத்தையிடம் முகம் கொடுத்துப் பேசமாட்டாள். அத்தை அதைப் பெரிதுபடுத்தவில்லை. தோசையை ஊற்றித் தட்டில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். அத்தைக்கு யாரும் பயிற்சி கொடுத்து வந்ததில்லை அது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள், நேரமாகிவிட்டது. பதினெட்டு வயதோடு உத்தரவு முடிந்த பிறகு என்ன என்பதைத்தான் விரிவாகப் பேச நினைத்தேன், முடியாது போலிருக்கிறது. பிள்ளை வளர்க்க விருப்பமுள்ளவர்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். 2024-ல் வந்த புதிய நெறிமுறைப்படி 35 முதல் 60 வயதுவரை தனியாக வாழ்கிறவர்களும் விண்ணப்பிக்கலாம். தனியாக இருக்கும் ஆணுக்குப் பெண்குழந்தையைத் தரமாட்டார்கள். ஆபத்தில் இருக்கிற பிள்ளையைப் பார்த்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள். வணக்கம்.