டீனோ என்ற பெயர் திரும்ப வரலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

2025 செப்டம்பரில் ஃபெராரி நிறுவனம் டெஸ்டரோசா என்ற தன் பழைய பெயரை எடுத்துப் புதிய கார் ஒன்றுக்குச் சூட்டியது. அப்படியென்றால் டீனோ எப்போது வரும் என்ற கேள்வியும் கார்ப் பிரியர்களுக்கு வராமல் இருக்காது. ஃபெராரி கட்டிய காரிலேயே சிறியது, விலையும் குறைந்தது என்று ஒரு காலத்தில் பெயரெடுத்த கார் அது. வரலாமா கூடாதா என்பதில் எனக்கு ஓர் உறுதியான எண்ணம் உண்டு. அதற்கு முன்னால் அந்தப் பெயரின் கதையைச் சொல்லியாக வேண்டும்.

ஃபெராரி நிறுவனத்தைத் தொடங்கிய என்ஸோ ஃபெராரியின் அப்பா பெயர் ஆல்ஃப்ரெடோ. அண்ணன் பெயரும் ஆல்ஃப்ரெடோதான்; அவரைச் செல்லமாக டீனோ என்பார்கள். முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916இல் இருவருமே நோயில் இறந்துபோனார்கள். என்ஸோவுக்கு அப்போது 18 வயது. பின்னர் 1932இல் அவருக்கு மகன் பிறந்தபோது, நம் வீடுகளில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதுபோல, ஆல்ஃப்ரெடோ என்றே பெயர் வைத்தார். இந்தப் பிள்ளையும் டீனோ ஆனான்.

டீனோவுக்கு டுஷென் தசைச் சிதைவு நோய் இருந்தது. பெரும்பாலும் ஆண் பிள்ளைகளுக்கு வரும் மரபணு நோய். தசைகள் வருடத்துக்கு வருடம் வலுவிழந்துகொண்டே போகும். அந்த நிலையிலும் அவர் இன்ஜின் வேலையை விடவில்லை. படுக்கையில் இருந்தபடியே அப்பாவோடும், வித்தோரியோ யானோ என்ற மூத்த பொறியாளரோடும் ஒரு சிறிய பந்தய இன்ஜினைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார் என்று என்ஸோ எழுதியிருக்கிறார். ஒன்றரை லிட்டர், ஆறு சிலிண்டர், வி வடிவம். 1956 ஜூன் 30ஆம் தேதி டீனோ இறந்தார். வயது 24. அந்த இன்ஜின் முதன்முதலாக உயிர்பெற்று ஓடியது அதே வருடம் நவம்பரில்.

அந்த இன்ஜினைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். வி வடிவத்தில் ஆறு சிலிண்டரை அடுக்கும்போது இரண்டு வரிசைக்கும் இடையே 60 டிகிரி வைப்பதுதான் வழக்கம். அப்போதுதான் சிலிண்டர்களில் எரிபொருள் வெடிப்பது சம இடைவெளியில் வரும், ஓட்டம் சீராக இருக்கும். யானோ 65 டிகிரி வைத்தார். நடுவில் கிடைத்த அந்தக் கூடுதல் இடத்தில் காற்று உள்ளே போகும் குழாய்களை நேராக, தாராளமாக அமைக்க முடிந்தது. அதனால் கெடக்கூடிய சீரை, கிராங்க் தண்டில் கனெக்டிங் ராடுகள் (பிஸ்டன்களை அந்தத் தண்டோடு இணைக்கும் கம்பிகள்) பிடிக்கும் இடங்களைச் சற்றுத் தள்ளிவைத்துச் சரிக்கட்டினார். அளவில் சின்ன இன்ஜின்தான், யோசனை பெரிது. அதையே 2.4 லிட்டராக வளர்த்துப் பொருத்திய டீனோ 246 பந்தயக் காரில்தான் மைக் ஹாதார்ன் 1958இல் ஃபார்முலா 1 உலக சாம்பியன் ஆனார்.

சரி, பந்தய இன்ஜின் சாலைக்கு எப்படி வந்தது? ஒரு விதிமுறைதான் காரணம். 1967 முதல், ஃபார்முலா 1க்கு அடுத்த நிலையான ஃபார்முலா 2 பந்தயத்தில் ஓடும் இன்ஜின், குறைந்தது 500 எண்ணிக்கையில் உற்பத்தியான இன்ஜினிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும் என்றார்கள். வருடத்துக்குச் சில நூறு கார்கள் மட்டுமே கட்டிய ஃபெராரியால் அது ஆகிற காரியமில்லை. என்ஸோ ஃபியட்டிடம் போனார். ஃபியட் அந்த இன்ஜினைச் செய்து தந்தது, ஃபியட் டீனோ என்று தன் பெயரிலும் கார் விட்டது. கூடவே ஃபெராரியின் மரனெல்லோ தொழிற்சாலையிலிருந்து டீனோ 206 ஜிடி வந்தது. 2 லிட்டர், அலுமினிய உடல், 180 குதிரைத்திறன், எடை சுமார் 900 கிலோ. அதில் 150 கார்கள் அளவுக்குத்தான் கட்டினார்கள். 1969இல் வந்த 246 ஜிடிதான் நிறைய விற்றது, 3,500க்கு மேல்.

இந்தக் கார்களில் ஃபெராரி இன்னொரு காரியமும் செய்தது. இன்ஜினை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் வைத்தது. பந்தயத்தில் அது பழகிப்போன விஷயம்தான். ஆனால் சாலைக் காரில் அதைச் செய்ய என்ஸோவுக்கு மனமில்லை. மாடு வண்டியை இழுக்க வேண்டும், தள்ளக் கூடாது என்பது அவர் வாதம் என்று சொல்வார்கள். அவருடைய பயத்திலும் நியாயம் இருந்தது: வளைவில் வழுக்கினால் இப்படிப்பட்ட கார் சட்டென்று சுற்றிக்கொள்ளும், வாங்குகிறவர் எல்லாரும் பந்தய வீரர் இல்லையே. வடிவமைப்பாளர் செர்ஜியோ பினின்ஃபரினா விடாமல் வற்புறுத்தினார். கடைசியில், சக்தி குறைந்த இந்தச் சின்னக் காரில் செய்து பார்க்கலாம் என்று என்ஸோ இறங்கிவந்தார். காரில் ஃபெராரியின் குதிரைச் சின்னம் கிடையாது, ஃபெராரி என்ற பெயரும் கிடையாது. டீனோ என்று கையெழுத்துபோல எழுதிய ஒரு சின்னம் மட்டும்.

அந்தச் சோதனைதான் ஃபெராரியையே மாற்றியது. 308 என்ற மாடலில் தொடங்கி இன்றைய 296 வரை, இன்ஜின் நடுவில் உள்ள சிறிய ஃபெராரிகள் எல்லாம் டீனோவின் வழிவந்தவை. அதே இன்ஜினைப் பொருத்திய லான்சியா ஸ்ட்ராடோஸ் என்ற ராலி கார், லான்சியா நிறுவனத்துக்கு 1974, 75, 76 என்று மூன்று வருடம் தொடர்ந்து உலக ராலி பட்டத்தை வாங்கித் தந்தது. இதற்கிடையே 1973இல் டீனோ 308 ஜிடி4 வந்தது, எட்டு சிலிண்டரோடு. ஃபெராரி என்ற பெயர் இல்லாத காரை விற்பது அமெரிக்க விற்பனையாளர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது. 1976இல் அதற்கும் ஃபெராரி சின்னத்தையே ஒட்டினார்கள். டீனோ என்ற பெயர் அத்தோடு போயிற்று.

2015 வாக்கில் ஃபெராரியின் தலைவராக இருந்த செர்ஜியோ மர்க்கியோனே, புதிய டீனோ வருமா என்பது கேள்வியல்ல, எப்போது என்பதுதான் கேள்வி என்ற பொருளில் பேசினார். 2018இல் அவர் இறந்துபோனார். 2021இல் ஆறு சிலிண்டர் இன்ஜினோடு 296 ஜிடிபி வந்தபோது, இதுதான் டீனோ என்று பலர் எதிர்பார்த்தார்கள். நிறுவனம் அந்தப் பெயரை வைக்கவில்லை. அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். மின்மோட்டாரையும் சேர்த்து 830 குதிரைத்திறன், காலி எடையே 1,470 கிலோ. அபாரமான கார், சந்தேகமில்லை. ஆனால் டீனோ அதுவல்ல.

விலை குறைந்த ஒரு மாடல் வேண்டும், அதற்கு மக்களுக்குத் தெரிந்த பெயர் வேண்டும் என்ற கணக்கில் டீனோவை எடுத்தால், அதை நான் எதிர்ப்பேன். அந்தப் பெயரை வாங்கும் விலையோடு மட்டும் கட்டிப்போடுவது அநியாயம். பெரிய ஃபெராரியில் செய்யத் துணியாத ஒன்றைச் செய்து பார்த்த கார் அது. அதுபோல இன்றைக்குச் செய்ய வேண்டியது என்ன? எடையைக் குறைப்பதுதான். இன்று எல்லா நிறுவனமும் சக்தியைக் கூட்டுகிறது, கூடவே பேட்டரியையும் அகலத்தையும் எடையையும் கூட்டுகிறது. சுமார் ஆயிரம் கிலோ எடையில், ஆறு சிலிண்டரோடு, மலைப்பாதையில் சாதாரண வேகத்திலேயே ஓட்டுகிறவருக்கு நிறைவு தரும் காரை மரனெல்லோ கட்டட்டும். மோதல் பாதுகாப்பு, புகைக் கட்டுப்பாடு எல்லாம் இருக்கும்போது அது லேசுப்பட்ட வேலை இல்லை. லேசாக இல்லாததால்தான் டீனோ என்ற பெயருக்கு அது தகும். அப்படி ஒரு கார் வந்தால் குதிரைச் சின்னம்கூட வேண்டாம், அந்தக் கையெழுத்துச் சின்னமே போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மிலான் நகரில் டீனோ ஃபெராரி மையம் என்று ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1980களில் தொடங்கியது, தசை, நரம்பு நோய்களைப் பற்றி அங்கே ஆராய்கிறார்கள். டுஷென் நோயோடு பிறக்கும் பிள்ளைகள் இன்றும் உலகெங்கும் இருக்கிறார்கள். சிகிச்சைகள் முன்னேறியிருந்தாலும் முழுமையாகக் குணப்படுத்தும் வழி இன்னும் வரவில்லை. டீனோ என்று பெயர் எழுதிய கார் மறுபடி விற்பனைக்கு வருமானால், அது விற்கும் ஒவ்வொரு முறையும் ஒரு பங்கு பணம் அந்த ஆராய்ச்சிக்குப் போக வேண்டும். ஃபெராரிக்கு அது பெரிய தொகையாக இருக்காது. அறிமுக விழாவன்றே இதை அவர்கள் அறிவிக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. வணக்கம்.