மாடிப்படிக்குக் கீழே ஒரு மலைப்பாம்பு

வணக்கம். போன நவம்பரில் ஒரு ஞாயிறு இரவு, லண்டனில் ஹாரோ பக்கம் இருந்து ஓர் அம்மா எனக்குப் போன் செய்தார். யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். குரலில் ஒரு நடுக்கம். "தம்பி, மகன்ர பாம்பு ஒண்டு வீட்டில கிடக்கு. சாகப்போகுது போல. எனக்குத் தொடப் பயம், ஆனா பாக்கப் பாவமாய்க் கிடக்கு. வந்து எடுத்துக்கொண்டு போறீங்களோ?"

நான் மருத்துவன் இல்லை. வார நாளில் மின்வேலை பார்க்கிறேன். வார இறுதியில், வீடுகளில் வளர்க்க முடியாமல் போன பாம்பு, ஓணான், ஆமைகளை வாங்கித் தேற்றி வேறு வீடு பார்த்துக் கொடுக்கும் சிலரோடு சேர்ந்து பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். அந்தப் பழக்கத்தில் ஒரு தலையணை உறை, ஒரு தெர்மோகோல் பெட்டி, கைவிளக்கு மூன்றையும் எடுத்துக்கொண்டு அன்று இரவே கிளம்பிவிட்டேன்.

மாடிப்படிக்குக் கீழே அரிசி மூட்டைக்கும் வாக்யூம் கிளீனருக்கும் நடுவில் இருந்தது அந்தக் கண்ணாடித் தொட்டி. மேலே இருந்த பல்பு எப்போதோ போய்விட்டது. தண்ணீர்க் கிண்ணத்தில் தண்ணீர் இல்லை, லண்டன் குழாய்த் தண்ணீர் வற்றி வற்றி விட்டுப்போன வெள்ளைச் சுண்ணாம்பு வளையங்கள்தான் ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தன. எத்தனை முறை நிரப்பினார்கள், அப்புறம் எத்தனை நாள் மறந்தார்கள் என்பதை அந்த வளையங்களை வைத்தே எண்ணிவிடலாம் போலிருந்தது. மூலையில் சுருண்டு கிடந்தது ராயல் பைத்தான் என்ற வகைப் பெண் மலைப்பாம்பு. பெயர் கோகோ. ஆறு வயது.

நல்ல உடம்புள்ள பைத்தானைத் தூக்கினால் அது உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளும், ஒரு குழந்தை விரலைப் பிடிப்பது மாதிரி. கோகோ பிடிக்கவில்லை. ஈரத்துணி மாதிரித் தொங்கினாள். முதுகெலும்பு ஓட்டு வீட்டு முகடு போல மேலே துருத்திக்கொண்டு, இரண்டு பக்கமும் சதை வற்றிச் சரிந்திருந்தது. பழைய சட்டை முழுசாக உரியாமல் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. வால் நுனியில் அது வளையமாக இறுகியிருந்தது, அப்படியே விட்டால் ரத்தம் போகாமல் நுனி கருகி விழுந்துவிடும். கண்கள் கீறல் விழுந்த மூக்குக்கண்ணாடி மாதிரி மங்கிச் சுருங்கியிருந்தன. திருப்பிப் பார்த்தபோது வயிற்றில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு தீப்புண்.

அந்த அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பள்ளியில் படிக்கும்போது மகன் ஆசையாகக் கேட்டு வாங்கிய பாம்பு. அவன் பல்கலைக்கழகத்துக்குக் கிளாஸ்கோ போனபின் இவர் பொறுப்பில் விழுந்தது. உறையவைத்த எலியைச் சாப்பாட்டுப் பொருள்களோடு ஃப்ரீசரில் வைக்க அவருக்கு முடியவில்லை. "பால் வச்சனான் தம்பி, குடிக்கேல்லை" என்றார். மனசோடுதான் வைத்திருக்கிறார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இதைக் கேட்கிற பலர் வீட்டில் புற்றுக்குப் பால் ஊற்றிய பாட்டி இருந்திருப்பார், என் பாட்டியும் ஊற்றியவர்தான். பாம்பு தாய்ப்பால் குடித்து வளர்கிற உயிர் இல்லை, பால் அதற்கு உணவும் இல்லை. இந்தியாவில் நாகபஞ்சமிக்குப் பாம்பாட்டிகள் கொண்டுவரும் நாகம் பாலைக் குடிக்கிறதே என்று கேட்பார்கள். பல நாள் தண்ணீர் காட்டாமல் காயப்போட்டு வைத்திருப்பதால் அது தாகத்தில் எதை வைத்தாலும் குடிக்கிறது. கோகோவுக்கு வேண்டியதும் அந்தக் கிண்ணத்தில் வெறும் தண்ணீர்தான்.

சரி, தீப்புண் எப்படி வந்தது? இதைச் சொல்லத்தான் நான் முக்கியமாக வந்தேன். பாம்புக்கு உடம்புக்குள் அடுப்பு கிடையாது. இரையைச் செரிக்க, நோயை எதிர்க்க, நகர, எல்லாவற்றுக்கும் சூடு வெளியிலிருந்து வரவேண்டும். ராயல் பைத்தான் மேற்கு ஆப்பிரிக்காவின் உயிர், கானா, டோகோ, பெனின் அந்தப் பக்கம். கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிகொண்டது என்கிறோமே, அங்கே இது அப்படியே நடக்கும். பகலில் கறையான் புற்றிலும் எலி வளையிலும் பதுங்கிக்கொண்டு இரவில் வெளியே வரும். அப்படிப்பட்டதை நவம்பர் மாத லண்டனில் மாடிப்படிக்குக் கீழே வைத்து, அடியில் ஒரு ஹீட் மேட், அதாவது மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு, போட்டிருக்கிறார்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லை. கடைக்காரர் அது வேண்டாம் என்றாராம்.

தெர்மோஸ்டாட் இல்லாத ஹீட் மேட் எவ்வளவு சூடேறும் என்று அதற்கே தெரியாது. தொட்டி முழுக்கக் குளிர், ஒரே ஒரு இடத்தில் மட்டும் சூடு. பாம்பு அங்கே போய்ப் படுக்கிறது. வெந்தாலும் பல சமயம் எழுந்து போவதில்லை. காட்டில் சூடு மேலே சூரியனிடமிருந்து வருவது, தரைக்கு அடியிலிருந்து சுடுவதை உணர்ந்து விலகும் பழக்கம் அதற்குச் சரியாக அமையவில்லை என்பார்கள், விலகினால் போய்ச் சேர வேறு சூடான இடமும் இல்லை. நான் பார்த்த தீப்புண் பாம்புகள் எல்லாமே இப்படி வந்தவைதான். ஒரு மின்வேலைக்காரனாகச் சொல்கிறேன், ஒரு சென்சார் வயர், ஒரு டயல், மாட்டப் பத்து நிமிடம். அதை விற்காமல் ஹீட் மேட்டை மட்டும் விற்கிறவர்கள் மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அன்று இரவு காரில் ஹீட்டரைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் வைத்தேன். 690 கிராம். இந்த வயதுப் பெண் பைத்தான் ஒன்றரைக் கிலோவை ஒட்டி இருக்கவேண்டும்.

வீட்டில் மனைவி கேட்ட முதல் கேள்வி, "சாப்பிட ஏதாவது கொடுத்தீர்களா?" என்பது. நம் ஆட்களுக்கு அதுதான் முதலில் தோன்றும், மெலிந்து வந்தவருக்கு முதலில் சோறு போடு. எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு சோளப் பாம்பு என்னிடம் வந்தது, கார்ன் ஸ்னேக் என்பார்கள், பட்டினி கிடந்து நூல் மாதிரி ஆகியிருந்தது. இரண்டாம் நாளே பெரிய எலி ஒன்றைக் கொடுத்தேன். ஆவலாகத்தான் விழுங்கியது. மூன்றாம் நாள் பாதி அழுகிய நிலையில் வெளியே கக்கியது, அந்த வாரமே இறந்துபோனது. அதன் தொட்டி குளிர்ந்திருந்தது, உடம்பில் தண்ணீர் இல்லை, நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென்று வந்த பெரிய இரையைச் சமாளிக்க அதன் உடம்பில் உப்புச் சமநிலையும் இல்லை. பாசத்தில் செய்ததுதான். ஆனால் அதைக் கொன்றது நான் வைத்த சாப்பாடு. அதை நான் மறக்கவில்லை.

ஆகவே கோகோவுக்கு முதலில் தண்ணீர், பிறகு சூடு, கடைசியில்தான் உணவு. மறுநாள் பார்த்த விலங்கு மருத்துவரும் அதே வரிசையைத்தான் சொன்னார். புண்ணுக்கு வெள்ளி கலந்த களிம்பு, மூன்று நாளைக்கு ஒருமுறை ஆன்டிபயாடிக் ஊசி, வலிக்கு மருந்து. கீழே மரத்தூள் கூடாது, வெள்ளை கிச்சன் பேப்பர் மட்டும், அப்போதுதான் புண்ணில் எதுவும் ஒட்டாது, பாம்பு உண்ணி இருந்தால் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். வீட்டில் இருக்கிற மற்றப் பாம்புகளிலிருந்து மூன்று மாதம் தனி அறை, தனி இடுக்கி, தொட்டால் கை கழுவல். ஒரு ஓரம் 31 டிகிரி, மறு ஓரம் 25, இரண்டு பக்கமும் ஒளிந்துகொள்ள ஒவ்வொரு பெட்டி. சூடா ஒளிவா என்று அவள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வரக்கூடாது.

முதல் இரவு புதுக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துவிட்டு விளக்கை அணைத்து ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் தலை மெதுவாக வெளியே வந்தது, நாக்கு இரண்டு தடவை காற்றைத் தொட்டது, வாய் நுனி தண்ணீரில் படிந்தது. பாம்பு குடிப்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நாய் மாதிரி நக்காது, சத்தமே இருக்காது. தாடை ஓரம் மட்டும் ஒரே சீராக ஏறி இறங்கும், தொண்டைக்குள் ஏதோ துடிக்கிற மாதிரி. கோகோ நாலு நிமிடம் குடித்தாள். நடுவில் தலையை எடுத்தாள், எனக்குப் பயமாக இருந்தது, மறுபடி வாயை வைத்தாள். நான் மூச்சு விடுவதைக்கூடக் கவனித்து விட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் செய்ததை விடச் செய்யாமல் இருந்ததுதான் அதிகம். மருந்து போடும் நேரம் தவிரத் தொடவில்லை. ஒட்டியிருந்த பழைய சட்டையை உரித்தெடுக்க விரல் துறுதுறுவென்று இருக்கும், உரிக்கவில்லை. முக்கியமாகக் கண். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை மூடி ஒரு தெளிவான செதில் இருக்கிறது, சட்டை உரியும்போது அதுவும் சேர்ந்து கழன்று வரவேண்டும். கோகோவுக்கு அது கழலாமல் ஒன்றின் மேல் ஒன்றாக நின்றுவிட்டது. இடுக்கியால் அதைப் பிய்க்கப் போய்க் கண்ணையே இழந்த பாம்புகள் உண்டு. அதனால் ஒரு டப்பாவில் ஓட்டை போட்டு, ஈரப் பாசியை நிரப்பி, சூடான ஓரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அவளுக்கு வேண்டும்போது அவளே அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டாள்.

ஐந்தாவது வாரம் மருத்துவர் சரி சொன்னார். ஒரு சின்ன எலிக்குஞ்சு, அவளுடைய தலையை விடக் கொஞ்சம்தான் பெரியது. உறைந்ததை இளக்கி, வெந்நீரில் வைத்துத் துடைத்து, தலைப்பக்கம் மட்டும் ஹேர் டிரையரில் இன்னும் கொஞ்சம் சூடாக்கினேன். ராயல் பைத்தானின் உதட்டோரம் வரிசையாகச் சின்னக் குழிகள் உண்டு, இருட்டில் இரையின் உடல் சூட்டை அவற்றால்தான் கண்டுகொள்ளும், பார்வை மங்கிய கோகோவுக்கு அது போதும். நீள இடுக்கியில் பிடித்துக் காட்டினேன். முதல் நாள் திரும்பிக்கொண்டாள். ஒரு வாரம் விட்டு மறுபடி. கழுத்து மெல்ல ஆங்கில எஸ் எழுத்து மாதிரி மடங்கியது, அப்புறம் நான் பார்க்கும் முன்னாலேயே எலி அவள் சுருளுக்குள் இருந்தது. கக்கிவிடுவாளோ என்று அடுத்த நாலு நாள் வேலைக்குப் போன இடத்திலெல்லாம் அதே நினைப்பு. கக்கவில்லை. ஆறாம் நாள் பேப்பரில் எச்சம் இருந்தது. அதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

பாம்பு வாங்க நினைக்கிறவர்கள், குறிப்பாகப் பிள்ளை கேட்கிறான் என்று வாங்க நினைக்கிறவர்கள், ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். இந்த நாட்டில் ராயல் பைத்தானுக்கு லைசென்ஸ் தேவையில்லை, அதனால் சுலபமாகக் கையில் வந்துவிடும். ஆனால் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்க்கு எப்படியோ பாம்புக்கும் அப்படியே. தகுந்த இருப்பிடமும் உணவும் வலியிலிருந்து பாதுகாப்பும் கொடுப்பது வளர்ப்பவர் கடமை. அடுத்தது ஆயுள். இருபது முப்பது வருடம் சாதாரணம். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிச்சாலைக்கு 1961இல் ஒருவர் கொடுத்த ராயல் பைத்தான், 2020இல் அறுபது வயதைத் தாண்டி முட்டை இட்டது. பதினாலு வயதுப் பையனுக்கு வாங்கிக் கொடுக்கும் பாம்பு அவன் படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாவற்றையும் பார்க்கும். அவன் வீட்டை விட்டுப் போனால் யார் பார்ப்பது என்பதை வாங்கும் முன்பே பேசிவிடுங்கள். ஏற்கெனவே வீட்டில் இருந்து முடியவில்லை என்றால் வெட்கப்படாமல் சொல்லுங்கள், விலங்கு நல அமைப்பான ஆர்எஸ்பிசிஏவிடமோ ஊர்வன மீட்பு செய்கிறவர்களிடமோ. பூங்காவில் கொண்டுபோய் விடாதீர்கள். அது சட்டப்படிக் குற்றம், முதல் குளிரிலேயே அந்த உயிர் போய்விடும். நாய் பசித்தால் குரைக்கும், பூனை காலைச் சுற்றும். பாம்பு பசித்தாலும் வெந்தாலும் ஒரே மாதிரிச் சுருண்டுதான் கிடக்கும். கோகோ மாடிப்படிக்குக் கீழே கிடந்த அத்தனை நாளும், பக்கத்தில் அரிசி எடுக்க வந்தவர்களுக்கு அவள் தூங்குவது போலத்தான் தெரிந்திருக்கும்.

மார்ச் மாதம் கோகோவின் வயிறு இளஞ்சிவப்பானது, கண் பால்நீலமாக மாறியது, சட்டை உரிக்கப் போகிறாள் என்று அர்த்தம். இதற்கு முன் ஜனவரியில் ஒரு தடவை உரித்திருந்தாள், துண்டு துண்டாக, வலது கண் மட்டும் பாதி தெளிந்தது. இந்தத் தடவை பாசியை நன்றாக நனைத்து வைத்துவிட்டு நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஒன்பதாம் நாள் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் எட்டிப் பார்த்தேன். டப்பா வாசலில் கழற்றிப்போட்ட காலுறை மாதிரி முழுச் சட்டையும் கிடந்தது. மேசை விளக்குக்கு நேரே தலைப்பக்கத்தைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு வட்டங்கள், இரண்டும் முழுசு, ஒன்று மற்றதை விடத் தடிப்பாக, மூன்று அடுக்கு சேர்ந்து வந்திருந்தது. பெட்டிக்குள் குனிந்தேன். கறுப்பு மணி மாதிரி இரண்டு கண்கள் என்னைப் பார்த்தன.

ஹாரோ அன்ரிக்குப் போன் செய்தேன். அந்தச் சனிக்கிழமை வந்தார், கதவுக்கு வெளியிலேயே கொஞ்ச நேரம் நின்றார், பிறகு உள்ளே வந்தார். கோகோ அப்போது 910 கிராம், இப்போது 1,240. வயிற்றில் தழும்பு இருக்கும், செதில்கள் அங்கே ஒழுங்கில்லாமல் முளைத்திருக்கின்றன, ஆனால் புண் ஆறிவிட்டது. அன்ரி தொடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. "இவ்வளவு மினுங்குமோ தம்பி இது?" என்று மட்டும் கேட்டார். போகும்போது அந்தச் சட்டையை வைத்திருக்கிறேனா என்று விசாரித்தார். எடுத்துக் கொடுத்தேன். பழைய தமிழ்ப் பத்திரிகைத் தாள் ஒன்றில் கிழியாமல் நீளவாக்கில் சுற்றி, மகன் ஈஸ்டருக்கு வரும்போது காட்டவேண்டும் என்று கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

நன்றி. வணக்கம்.