யானைகளும் நம்மைக் கவனிக்கின்றன

[காட்சி: தொலைவில் கிளிமஞ்சாரோ. சதுப்பு நிலத்தில் முழங்கால் ஆழத் தண்ணீரில் புல் மேயும் யானைக் கூட்டம்.]

வணக்கம். நாம் இன்று பார்க்கப் போகும் இடம் கென்யாவின் தெற்கு எல்லையில் உள்ள அம்போசெலி தேசியப் பூங்கா. மழை குறைந்த, புழுதி பறக்கும் இந்த நிலத்துக்குத் தண்ணீர் தருவது எல்லைக்கு அப்பால் டான்சானியாவில் நிற்கும் கிளிமஞ்சாரோ மலை. அங்கே பெய்யும் மழை பூமிக்கடியில் ஊறி வந்து இங்கே சதுப்புகளாகச் சுரக்கிறது. அந்தச் சதுப்புகளை நம்பி வாழும் யானைகளைச் சிந்தியா மாஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 1972-ஆம் ஆண்டு முதல் கவனித்து வருகிறார்கள்.

[காட்சி: யானையின் இடது காது, மிக அருகில்.]

திரையில் தெரியும் காதைச் சற்று நிதானமாகப் பாருங்கள். மடலின் கீழ் ஓரத்தில் அரைவட்டமாக ஒரு வெட்டு, அதற்கு மேலே முள் கிழித்ததுபோல ஒரு சிறு துளை, வெயில் பட்டதும் புடைத்துத் தெரியும் நரம்புகளின் பின்னல். எந்த இரண்டு யானைகளுக்கும் இவை ஒன்றுபோல் அமைவதில்லை. ஆகவே காதுகளைப் படமெடுத்துக் கோப்பில் சேர்த்து, ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எழுத்துக் குறியீட்டைக் கொடுத்து, அந்தக் குடும்பத்தில் பிறக்கும் கன்றுகளுக்கு அதே எழுத்தில் தொடங்கும் பெயர்களை வைத்தார்கள். யார் யாருடைய மகள், எந்தப் பிடி எந்த ஆண்டில் ஈன்றது, எந்தக் களிறு எப்போது காணாமல் போனது என்பதெல்லாம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே பதிவாகியிருக்கின்றன.

நாம் இப்படி யானைகளைக் கவனித்துக்கொண்டிருந்த காலம் முழுவதும் அவையும் மனிதர்களைக் கவனித்து, வகை பிரித்து வைத்திருந்தன என்பதுதான் இந்த ஆய்வுகளில் என்னை மிகவும் பாதித்த செய்தி.

அம்போசெலியைச் சுற்றி வாழும் மாசாய் மக்கள் கால்நடை மேய்ப்பவர்கள். தண்ணீருக்கும் மேய்ச்சலுக்கும் யானைகளோடு போட்டி வரும்போது, மாசாய் இளைஞர்கள் சில நேரம் யானைகளை ஈட்டியால் குத்துவதுண்டு. கம்பா இன மக்கள் பெரும்பாலும் உழவர்கள். இப்பகுதியில் அவர்களால் யானைகளுக்கு வரும் ஆபத்து குறைவு. மாசாய் ஆண்கள் 5 நாட்கள் உடுத்திய துணியையும், கம்பா ஆண்கள் உடுத்திய துணியையும், யாரும் உடுத்தாத துணியையும் ஆய்வாளர்கள் தனித்தனியே யானைகளின் அருகில் வைத்துப் பார்த்தார்கள். மாசாய் வாடை வந்ததும் யானைகள் மற்ற வாடைகளுக்கு ஓடியதைவிட வேகமாகவும் தொலைவாகவும் ஓடின. உயரமான புல்வெளியை அடைந்த பிறகே நின்றன. 2007-இல் வெளியான முடிவு இது.

[காட்சி: புதரின் பின்னே ஒலிபெருக்கி. தும்பிக்கையை உயர்த்தி மோப்பம் பிடிக்கும் மூத்த பிடி.]

2014-இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் நுட்பமானது. "பாருங்கள், அங்கே பாருங்கள், யானைக் கூட்டம் ஒன்று வருகிறது" என்ற ஒரே வாக்கியத்தை மாசாய் ஆண்களும் கம்பா ஆண்களும் தத்தம் மொழியில் பேச, அந்தக் குரல்களைக் கேரன் மெக்கோம்ப் குழுவினர் யானைகளுக்கு ஒலிக்கச் செய்தார்கள். மாசாய் ஆண்களின் குரலைக் கேட்டதும் யானைகள் நெருங்கிக் கூடிப் பின்வாங்கின. மாசாய்ப் பெண்களின் குரலுக்கும் சிறுவர்களின் குரலுக்கும் அந்த அளவு அஞ்சவில்லை. மொழி, பால், வயது மூன்றையும் குரலை மட்டும் வைத்துப் பிரித்தறிந்து, எந்த மனிதனுக்கு அஞ்ச வேண்டும் என்று அவை முடிவு செய்கின்றன.

இந்த அறிவு பிறக்கும்போதே வருவதன்று. கூட்டத்தை நடத்தும் மூத்த பிடியிடமிருந்து இளையவை கற்றுக்கொள்வது. சிங்கத்தின் கர்ச்சனை கேட்டால் அது ஆண் சிங்கமா பெண் சிங்கமா என்று சரியாகக் கணிப்பதிலும், வயது கூடிய பிடிகள் நடத்தும் குடும்பங்களே தேர்ந்தவையாக இருந்தன.

வேட்டைக்காரன் முதலில் குறிவைப்பதும் இதே மூத்த யானைகளைத்தான். தந்தம் வாழ்நாள் முழுவதும் வளர்வது; வயதானவற்றிடமே அதிகம் கிடைக்கும். 1979-இல் ஆப்பிரிக்கா முழுவதும் சுமார் 13 லட்சம் யானைகள் இருந்ததாக மதிப்பிட்டார்கள். பத்தே ஆண்டுகளில் அது ஏறத்தாழ 6 லட்சமாகச் சுருங்கியது. 1989-இல் பன்னாட்டுத் தந்த வணிகத்தைத் தடை செய்யும் முடிவு எடுக்கப்பட்டது. ஆனாலும் 2016-இல் வெளியான வான்வழிக் கணக்கெடுப்பு, 2007-க்கும் 2014-க்கும் இடையே புல்வெளிகளில் வாழும் சவன்னா யானைகளில் 30 விழுக்காடு அழிந்துபோயின என்று காட்டியது.

எண்ணிக்கையில் அடங்காத இழப்பு ஒன்றும் உண்டு. டான்சானியாவின் தாரங்கிரே பூங்காவில் 1993-இல் கடும் வறட்சி வந்தபோது, ஒன்பது மாதங்களில் 81 கன்றுகளில் 16 இறந்தன. பூங்காவை விட்டு வெளியேறி நீர் தேடிப் போன கூட்டங்கள் தங்கள் கன்றுகளை ஓரளவு காப்பாற்றிக்கொண்டன. போகாமல் தங்கிய கூட்டமே அதிகம் இழந்தது. தங்கிய கூட்டத்தில் மூத்த பிடிகள் முந்தைய தந்த வேட்டையில் பெரும்பாலும் கொல்லப்பட்டிருந்தன. 1958 முதல் 1961 வரை நீடித்த பழைய வறட்சியைக் கண்டு, வழியறிந்து நடத்தக்கூடிய வயதுடையவை அங்கே மிஞ்சவில்லை.

ஆண் யானைகளின் கதை சற்று வேறு. மதம் பிடிப்பது ஆசிய யானைகளுக்கு மட்டுமே உரியது என்று அறிவியல் உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. ஆப்பிரிக்க யானைகளுக்கும் அது உண்டு என்பதை அம்போசெலிக் களிறுகளைக் கவனித்த ஜாய்ஸ் பூலும் சிந்தியா மாஸும் 1981-இல் எழுதி நிறுவினார்கள். களிற்றின் கன்னத்தில் வழியும் மதநீரைச் சங்கப் புலவர்கள் 'கடாம்' என்று பாடிவைத்திருப்பதால், இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஏதோ சொந்த ஊர்ச் செய்தியைப் படிப்பதுபோல் இருந்தது. மதம் கொண்ட மூத்த களிறுகளையே பிடிகள் விரும்புகின்றன. பெரும்பாலான கன்றுகளுக்கு அவையே தந்தை. மூத்த களிறுகள் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதைத் தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பர்க் பூங்கா காட்டியது: குடும்பங்கள் கொல்லப்பட்ட பின் அங்கே கொண்டுவிடப்பட்ட அநாதைக் களிறுகள் வளர்ந்து, 1990-களில் 40-க்கும் மேற்பட்ட காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998-இல் வயதான களிறுகள் ஆறைக் கொண்டுவந்த பிறகே அந்த வெறி அடங்கியது.

கென்யாவில் 1977 முதல் வேட்டைக்குத் தடை உள்ளது. எல்லை தாண்டிய டான்சானியாவில் உரிமம் பெற்று வேட்டையாடலாம். அம்போசெலிக் களிறுகள் எல்லைக்கோடு அறியாமல் இரு நாடுகளிலும் மேய்பவை. 1990-களின் நடுவிலிருந்து எல்லைப் பகுதியில் அவற்றைச் சுடுவதில்லை என்ற இணக்கம் நிலவியது. 2023 செப்டம்பர் தொடங்கிச் சில மாதங்களுக்குள் அது முறிந்து, ஐந்து களிறுகள் சுடப்பட்டன. அரை நூற்றாண்டாக வாகனங்களுக்கு அருகில் அச்சமின்றி நின்று பழகிய யானைகள் இவை. அந்தப் பழக்கமே அவற்றைக் கொல்வதை எளிதாக்கிவிட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

[காட்சி: இரவு. குறுகிய புல்வெளி வழியாக வரிசையாக நடக்கும் குடும்பம். ஓரத்தில் கம்பி வேலி.]

இன்று பூங்காவுக்கு வெளியே மற்றோர் ஆபத்து வளர்கிறது. பூங்காவின் பரப்பு 392 சதுர கிலோமீட்டர் மட்டுமே. யானைகள் உலவுவது அதைப் போலப் பல மடங்கு நிலத்தில். மாசாய்க் குடும்பங்கள் பொதுவாக வைத்திருந்த மேய்ச்சல் நிலம் தனித்தனி மனைகளாகப் பிரிக்கப்பட்டு, சில இடங்களில் வேலியிடப்பட்டுப் பண்ணைகளாகிறது. கிழக்கே கிமானா வழியாகச் செல்லும் பாதை ஏற்கெனவே ஒடுங்கிவிட்டது. ஆகவே இப்போது காதுகளைப் படமெடுப்பதோடு, சில யானைகளின் கழுத்தில் செயற்கைக்கோள் பட்டை அணிவித்து அவை செல்லும் தடத்தையும் வரைபடத்தில் குறிக்கிறார்கள். வழித்தடத்தில் உள்ள நிலத்தை வேலியிடாமல் வைத்திருக்கும் மாசாய் உரிமையாளர்களுக்குக் குத்தகைப் பணம் தரப்படுகிறது. அந்தப் பணம் எந்த ஆண்டு வரை, எந்த மனைக்கு வரும் என்பதைப் பொறுத்தே, இருட்டிய பிறகு கிமானா பக்கம் புறப்படும் குடும்பங்களுக்கு வழி திறந்திருக்கிறது.