முதல் பக்கத்தோட நின்னுடாதீங்க

(எங்க கிளை நூலகத்து வாசகர் வட்டத்துல பேசினது. பேசின மாதிரியே எழுதியிருக்கேன்.)

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஞாயித்துக்கிழமை சாயங்காலம், அதுவும் மழை இருட்டிக்கிட்டு நிக்கறப்ப இத்தனை பேரு வந்திருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். போன மாச கூட்டத்துல ஒரு அக்கா கேட்டாங்க, "ஏனுங்க, நெட்ல எல்லாமே இருக்குதுங்கறாங்க, நான் தேடினா மட்டும் விளம்பரமா வந்து விழுகுது, உருப்படியா நாலு விஷயம் படிக்கோணும்னா எங்கதான் போறது"ன்னு. அன்னிக்கு என்னால ரெண்டு வரியில பதில் சொல்ல முடியல. அதான் இன்னிக்கு அதையே பேசலாம்னு வந்திருக்கேன்.

முதல்ல ஒரு தென்னை ஓலைக் கதை. நம்ம வட்டத்துல இருக்கற ஒரு விவசாயி அண்ணன், ஒரு நாள் மத்தியானம் ஒரு கீத்து ஓலைய கையில புடிச்சுக்கிட்டு நேரா லைப்ரரிக்கு வந்துட்டாரு. ஓலைக்கு அடியில வெள்ள வெள்ளயா மெழுகு மாதிரி சுருள் சுருளா ஒட்டியிருக்கு, மேல் பக்கம் கரிய எடுத்து பூசின மாதிரி கருப்பா இருக்கு. மருந்துக்கடையில குடுத்தத ரெண்டு தடவ அடிச்சாச்சு, காசும் போச்சு, பூச்சி போகல. போன்ல "தென்னை வெள்ள பூச்சி மருந்து"ன்னு தேடியிருக்காரு, வந்ததெல்லாம் மருந்து விக்கறவங்க வீடியோதான், ஆளுக்கொரு டப்பாவ காட்டி இத அடிங்க அத அடிங்கன்னு.

ரெண்டு பேரும் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தோம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு இணையதளம் இருக்குங்க, அக்ரிடெக் போர்ட்டல்னு பேரு, தமிழ்லயே படிக்கலாம், பயிர் பயிரா பிரிச்சு எந்த நோய்க்கு என்ன பண்றதுன்னு போட்டிருப்பாங்க. அதுல தென்னைக்குள்ள போயி பூச்சிகள் பக்கத்துல ஒவ்வொரு படமா அந்த ஓலையோட வெச்சு பாத்துக்கிட்டே வந்தோம். ஒரு படத்துல அண்ணன், "இதேதாங்க!"ன்னு சத்தம் போட்டாரு, படிச்சுக்கிட்டு இருந்த பசங்க எல்லாம் திரும்பி பாத்தாங்க. ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ, அதான் அதோட பேரு. மத்திய அமெரிக்கா பக்கத்து பூச்சி, 2016ல நம்ம பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில கண்டுபிடிச்சாங்க.

பேரு கிடைச்சதுக்கு அப்புறம் பாருங்க, தேடறதே வேற மாதிரி ஆயிருச்சு. அந்த முழுப் பேர அடிச்சா வர்றதெல்லாம் ஆராய்ச்சி நிலையம், வேளாண்துறை அறிவிப்புன்னு வருது. என்ன சொல்றாங்கன்னா, கடுமையான பூச்சிமருந்த அடிக்காதீங்க, ஏன்னா என்கார்சியான்னு ஒரு பொடிசு குளவி இருக்கு, அது இந்த ஈயோட குஞ்சுக்குள்ள முட்ட வெச்சு அத அழிச்சிரும், நீங்க மருந்தடிச்சா மொதல்ல சாகறது அந்த குளவிதான். மஞ்சள் ஷீட்ல வெளக்கெண்ண தடவி தோட்டத்துல கட்டித் தொங்க விடுங்க, ஈ வந்து ஒட்டிக்கும். ஓலைக்கு அடியில தண்ணிய வேகமா பீச்சி அடிங்க. மேல இருக்கற கருப்பு தனி நோய் இல்ல, அந்த ஈ விடற தேன் மாதிரி கழிவு கீழ் ஓலை மேல சொட்டி அதுல வளர்ற பூசணம், அதுக்கு ஒரு லிட்டர் தண்ணிக்கு 25 கிராம் மைதாங்கற கணக்குல பசை காய்ச்சி தெளிங்க, காஞ்சு ஏடு ஏடா உரிஞ்சு விழுந்துரும்னு இருக்கு. அண்ணன் எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிக்கிட்டு போனாரு. மைதாவுக்கு எத்தன ரூபாய்ங்க ஆகும்? மருந்துக்கடையில ரெண்டு தடவ குடுத்தத நினைச்சா எனக்கே வயிறு எரிஞ்சுது.

இத ஏன் இவ்வளவு விலாவாரியா சொல்றேன்னா, நல்ல தளம் இல்லாம இல்லீங்க, அதுக்கு போற வழியில சரியான சொல்லு ஒண்ணு வேணும். அந்த சொல்லு தெரியாத வரைக்கும் முதல் பக்கத்துல கடைக்காரங்கதான் நிப்பாங்க.

சொல்லுன்னதும் எனக்கு எப்பவும் சிகாகோ ஞாபகம் வரும். சென்னைப் பல்கலைக்கழகம் 1924லருந்து 1936 வரைக்கும் ஆறு தொகுதியா தமிழ் லெக்சிகன்னு ஒரு பேரகராதி போட்டாங்க, அதுக்கப்புறம் இணைப்பா இன்னொரு தொகுதியும் வந்துச்சு, லட்சத்துக்கு மேல சொல்லு இருக்கு அதுல. அந்த ஆறு தொகுதியையும் வீட்ல வாங்கி அடுக்க யாரால முடியும்? ஆனா அது முழுசும் சிகாகோ பல்கலைக்கழகத்தோட தெற்காசிய அகராதிகள் தளத்துல இருக்கு, தமிழ் எழுத்துலயே அடிச்சு தேடலாம், காசு கிடையாது. 1862ல வந்த வின்சுலோ அகராதி, அதுக்கும் முந்தின காலத்து பாதிரியார் பப்ரிசியஸ் அகராதி, எல்லாம் ஒரே இடத்துல.

வீட்டுக்கு போயி ஒரு தடவ "அல்லங்காடி"ன்னு அடிச்சு பாருங்க. ராத்திரி நேரத்து கடைவீதி. பகல்ல நடக்கற கடைவீதி நாளங்காடி. மதுரைக்காஞ்சியில ரெண்டும் வருது, அந்தக் காலத்து மதுரையில பகலுக்கு ஒரு மார்க்கெட், ராத்திரிக்கு ஒரு மார்க்கெட் இருந்திருக்கு. அந்த அகராதியில எனக்கு ரொம்ப புடிச்சது என்னன்னா, அர்த்தத்தோட நிறுத்த மாட்டாங்க, எந்த நூல்ல எந்த இடத்துல அந்த சொல்லு வருதுன்னு சுருக்கமா குறிச்சிருப்பாங்க. இலக்கியத்துல இல்லாத பேச்சுச் சொல்லா இருந்தா இது யாழ்ப்பாண வழக்கு, இது திருநெல்வேலி வழக்கு, இது நாஞ்சில்நாட்டு வழக்குன்னு சின்னதா ஒரு குறி போட்டிருக்கும். என் அம்மாயி பேசற சொல்லு எத்தனையோ அகராதியிலயே ஏறியிருக்குன்னு அதுல தேடித்தான் எனக்கு தெரிஞ்சுது. ஒரு சொல்லுக்கு போனா பக்கத்துல இருக்கற பத்து சொல்ல படிக்காம வர முடியாது, அப்படி ஒரு இழுப்பு.

சரி, சிகாகோவுல எதுக்கு தமிழ்னு ஒருத்தர் கேக்கலாம். அங்க ரொம்ப காலமா தமிழ் படிப்பு இருக்குங்க. செட்டிநாட்டுல கோட்டையூர்னு ஒரு ஊரு, அங்க ரோஜா முத்தையா செட்டியார்னு ஒருத்தர், போர்டு எழுதற ஓவியரு, வாழ்நாள் முழுக்க பழைய புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகைன்னு சேத்து வெச்சிருந்தாரு. 1992ல அவரு காலமானதுக்கு அப்புறம் அந்த சேகரிப்பு செதறிப் போயிரக் கூடாதுன்னு முழுசா வாங்கினது இதே சிகாகோ பல்கலைக்கழகம்தான். வாங்கி அமெரிக்காவுக்கு தூக்கிட்டு போகல. சென்னையிலயே நூலகமாச்சு, இப்ப தரமணியில இருக்கு. அதுக்கும் ஒரு தளம் இருக்கு. நான் அகராதியில ஆரம்பிச்சு இங்க வந்து நின்னேன் பாருங்க, இப்படித்தாங்க நல்ல தளம் கிடைக்கும். ஒரு நல்ல இடத்துக்கு போனா அங்க இருக்கறவங்க இன்னொரு நல்ல இடத்துக்கு வழி காட்டுவாங்க. கூகுள் காட்டற வழிய விட இந்த வழிய நான் அதிகம் நம்பறேன்.

தமிழ் விக்கிப்பீடியாவயும் நான் இதுக்குத்தான் அதிகமா பயன்படுத்தறேன். எல்லாரும் கட்டுரைய படிப்பாங்க, நான் மொதல்ல கடைசிக்கு போயிருவேன், கீழ "மேற்கோள்கள்", "வெளி இணைப்புகள்"னு ரெண்டு தலைப்பு இருக்கும், அங்கதான் சரக்கு. கட்டுரை சுமாரா இருந்தா கூட அந்த கீழ் பகுதியில யாரோ ஒருத்தர் தேடிப் புடிச்சு வெச்ச பழைய மின்நூல், அரசாங்க அறிக்கை, கல்வெட்டுப் படம்னு ஒண்ணு கண்டிப்பா மாட்டும்.

அப்படி மாட்டினதுதான் எனக்கு மதுரைத் திட்டம். பேரப் பாத்து மதுரையில இருக்குன்னு நினைச்சிராதீங்க. 1998 பொங்கல் அன்னிக்கு ஆரம்பிச்சாங்க, சுவிட்சர்லாந்துல இருந்த கல்யாணசுந்தரம், அமெரிக்காவுல இருந்த குமார் மல்லிகார்ச்சுனன், இவங்க முன்ன நின்னு நடத்தினது. உலகம் பூரா இருக்கற தமிழ் ஆளுங்க வேலைக்கு போயிட்டு வந்து ராத்திரி உக்காந்து பழைய இலக்கியத்த எழுத்தெழுத்தா டைப் பண்ணினாங்க. சங்க நூல், தேவாரம், சித்தர் பாட்டு, பாரதியார், எல்லாம் இலவசம்.

அதுல ஒரு கோப்ப தெறந்தா நூல் நேரா ஆரம்பிக்காது, மொதல்ல ஒரு தலைப்புப் பக்கம் வரும். யாரு உள்ளீடு பண்ணினது, யாரு மெய்ப்பு பாத்ததுன்னு பேரு இருக்கும், சிலதுல எந்த நாட்டுல இருந்து பண்ணினாங்கன்னு ஊரு பேரும் இருக்கும். கடைசியில ஒரு வரி, இந்த முகப்புப் பக்கத்த மாத்தாம அப்படியே வெச்சு யாருக்கு வேணும்னாலும் இலவசமா குடுக்கலாம்னு. அவங்க கேக்கற கூலி அவ்வளவுதாங்க, பேர அழிச்சிராதீங்கன்னு மட்டும். அதே நூல பேரு கீரு ஒண்ணும் இல்லாம எடுத்து போட்டு சுத்தி விளம்பரமா வெச்சிருக்கற தளங்கள நான் பாத்திருக்கேன், மனசு ஆறவே இல்ல. ஒரு தளத்த நம்பலாமா வேண்டாமான்னு பாக்க நான் வெச்சிருக்கற மொத கேள்வியே இதுதான், இத எழுதினது யாரு, எங்க இருந்து எடுத்தாங்கன்னு சொல்லியிருக்காங்களா? சொல்லியிருந்தா உக்காந்து படிப்பேன், இல்லாட்டி மூடிருவேன்.

ஸ்கேன் பண்ணின பழைய புத்தகமே பாக்கோணும்னா தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்நூலகம் இருக்கு, சென்னை கோட்டூர்புரத்துல இருக்கற அரசு நிறுவனம், 2001ல தமிழ் இணையப் பல்கலைக்கழகமா ஆரம்பிச்சது. பழைய அச்சு, மங்கின காகிதம், ஓரத்துல யாரோ பென்சில்ல எழுதின குறிப்பு வரைக்கும் தெரியும். அது ஒரு நாள் பேச்சு, அத அடுத்த கூட்டத்துல ஸ்கிரீன்ல போட்டே காட்டறேன்.

நூலகம்னே பேரு வெச்சிருக்கற ஒரு தளத்த பத்தி கொஞ்சம் நிதானமா சொல்லோணும். 1981 மே 31 ராத்திரி தாண்டி யாழ்ப்பாணப் பொது நூலகத்த எரிச்சாங்க. 97,000 புத்தகம்னு சொல்றாங்க, கூட ஓலைச்சுவடிகளும். வேற எங்கயும் பிரதி இல்லாததெல்லாம் அன்னிக்கு போயிருச்சு. நூலகத்துல வேலை பாக்கற எனக்கு அந்த தொகைய சொல்றப்ப எல்லாம் நம்ம ரேக்குகள ஒரு தடவ திரும்பி பாக்கத் தோணும். 2005ல ஈழத்து இளைஞர்கள் சேந்து நூலகம்னு ஒரு தளத்த ஆரம்பிச்சாங்க, இலங்கைத் தமிழ் பேசற மக்களோட ஆவணம் எது கிடைச்சாலும் ஸ்கேன் பண்ணி ஏத்தறாங்க, இப்ப லட்சத்தையும் தாண்டிருச்சு.

அதுல புத்தகம் மட்டும் இல்லீங்க, பள்ளிக்கூட ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், ஒரே ஒரு இதழோட நின்னு போன பத்திரிகை, ஒருத்தர் இறந்தா அந்தியேட்டிங்கற காரியத்து அன்னிக்கு வீட்டுக்காரங்க போடற நினைவு மலர், எல்லாத்தையும் வெச்சிருக்காங்க. அந்த நினைவு மலர்ல இறந்தவரோட வம்சம், படிச்ச பள்ளிக்கூடம், வாழ்ந்த தெரு எல்லாம் இருக்கும். ஊரே இடம்பெயந்து போனதுக்கு அப்புறம் அந்த ஊரு எப்படி இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்க இதெல்லாந்தான் மிச்சம். சும்மா ஒரு ஊர் பேர அடிச்சு பாருங்க, எழுந்திரிக்க மனசு வராது.

இன்னும் ரெண்டு விஷயம், சுருக்கமா. சில பழைய தமிழ்த் தளத்துக்கு போனா எழுத்து பூரா குப்பையா தெரியும், உடனே கெட்டுப் போச்சுன்னு மூடிராதீங்க. யூனிகோடு பரவறதுக்கு முன்னாடி திஸ்கி, பாமினின்னு ஆளுக்கொரு எழுத்துரு முறை இருந்துச்சு, அந்த குப்பைய அப்படியே காப்பி பண்ணி, எழுத்துருவ மாத்திக் குடுக்கற தளம் ஒண்ணுல ஒட்டினா நல்ல தமிழா வந்துரும். இன்னொண்ணு, தளமே காணாம போயிருந்தா அதோட பழைய முகவரிய இன்டர்நெட் ஆர்க்கைவோட வேபேக் மெஷின்ல போட்டு பாருங்க. 1996லருந்து வலைப்பக்கங்கள பிரதி எடுத்து வெச்சுக்கிட்டு வர்றாங்க, வருஷம், மாசம், தேதி வாரியா காட்டும். சங்க காலத்து செடி கொடிகளுக்கு படம் போட்டு பாட்டு வரியோட சேத்து விளக்கின ஒரு பக்கத்த நான் ரொம்ப நாளா குறிச்சு வெச்சிருந்தேன், ஒரு நாள் போனா அந்த முகவரியில என்னமோ சூதாட்ட விளம்பரம் நிக்குது. அழுகையே வந்துருச்சு. வேபேக்ல போட்டேன், பழைய பக்கம் அப்படியே வந்துச்சு, படம் பாதிதான் வந்துச்சு, எழுத்து முழுசா இருந்துச்சு. அன்னிலருந்து எந்த நல்ல பக்கத்த பாத்தாலும் மொதல்ல அங்க சேமிச்சிருவேன், முகவரிய ஒட்டி ஒரு பொத்தான அமுக்கினா போதும், கணக்கெல்லாம் தொடங்க வேண்டியதில்ல.

போன வாரம் அதே தென்னை அண்ணன் திரும்ப வந்தாருங்க. ஓலை எப்படி இருக்குன்னு கேட்டேன், புது ஓலை சுத்தமா வருதுன்னாரு. கையில ஒரு பை. அவங்க அப்பா படிச்ச பள்ளிக்கூடத்து ஆண்டு மலர், பழசு, அட்டையில பாதி செல்லரிச்சிருக்கு, உள்ள வாத்தியாருங்க போட்டோ, பசங்க எழுதின கவிதை, நம்ம ஊரு வாய்க்கா பத்தி ஒரு கட்டுரை கூட இருக்கு. "இதையும் அந்த மாதிரி ஏத்த முடியுங்களா"ன்னு கேட்டாரு. முடியும்னு சொல்லியிருக்கேன். அந்த மேசை மேல வெள்ளத் துணி விரிச்சு வெச்சிருக்கேன், கூட்டம் முடிஞ்சதும் வந்து பாருங்க, கைய நல்லா தொடச்சுக்கிட்டு பக்கத்த மெதுவா திருப்புங்க. உங்க வீட்டு பரண்ல இந்த மாதிரி ஏதாச்சும் இருந்தா வர்ற ஞாயித்துக்கிழமை எடுத்துக்கிட்டு வாங்க, ஸ்கேன் பண்ண ரெண்டு பசங்க காலையில பத்து மணிக்கே வந்துருவாங்க.