படுத்தால் எப்படி இருக்கிறது?

வணக்கம் நேயர்களே. நம் மலையகத்தில் ஒருவருக்குக் கை நடுங்கி, நடை தள்ளாடினால் 'வாதம் வந்திருச்சு' என்று முடிவு கட்டிவிடுகிறோம். அரிதாக, மூளையையும் முள்ளந்தண்டையும் சுற்றியிருக்கும் நீரின் அழுத்தம் குறைவதாலும் இப்படி வரும். அரிதுதான். ஆனாலும் கிடைத்த இடத்தில் எல்லாம் இதைப் பேசுகிறேன், ஏனென்றால் இந்த நடுக்கத்தைப் பெரும்பாலும் குணமாக்க முடியும்.

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண். காலையில் எழும்போது ஒன்றும் இருக்காது. மலையேறிக் கொஞ்ச நேரத்தில் பிடரி பிளக்கும். லயத்துக்கு வந்து படுத்தால் தணிந்துவிடும். வீட்டில் 'வேலைக்குக் கள்ளம்' என்றார்கள். சில மாதங்களில் கை நடுங்க ஆரம்பித்து, தேத்தண்ணிக் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோவதற்குள் பாதி மடியில் சிந்தியது. ஓரிடத்தில் பார்க்கின்சன் என்ற நடுக்குவாதத்துக்கான மருந்து கொடுத்தார்கள், பலனில்லை. என்னிடம் வந்தபோது, "படுத்தா எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். "படுத்தா சொகமா இருக்குங்க ஐயா" என்றார். அந்தப் பதிலை வைத்துத்தான் ஸ்கேனுக்கு அனுப்பினேன். மூளை கீழே இறங்கியிருந்தது.

ஆற்றுக்குள் கிடக்கும் கல்லைத் தூக்கினால் கனம் தெரியாது அல்லவா? ஒன்றரைக் கிலோவை நெருங்கும் மூளையும் அப்படித்தான் நீரில் மிதக்கிறது. அந்த நீர் மொத்தமே 150 மில்லிலீட்டர் அளவுதான். முதுகில் அதைச் சுற்றியிருக்கும் உறை எங்காவது கிழிந்து நீர் கசிந்தால், நிமிர்ந்து நிற்கும்போது மூளை கீழே இழுபடும். அசைவைச் சீராக வைக்கும் பகுதிகளும் அதோடு அழுந்துவதால்தான் நடுக்கமும் தள்ளாட்டமும் வருவதாகக் கருதுகிறோம். சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்ட தாய்மார் சிலருக்கு வரும் தலைவலியும் இதே வகைதான். அது பெரும்பாலும் சில நாட்களில் போய்விடும்.

மறுபடி சொல்கிறேன்: நின்றால் வலி, படுத்தால் சுகம். இதை வைத்தியரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். இன்னொன்று, நாட்பட்டால் இந்த வித்தியாசம் மங்கி நடுக்கம் மட்டும் மிஞ்சலாம். அதனால் ஆரம்பத்தில் எப்படி இருந்தது என்பதையும் சொல்லுங்கள்.

நேரமாகிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். சரி, வைத்தியத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் படுக்கை ஓய்வு. தேத்தண்ணியில் உள்ள கஃபீன் தலைவலிக்குக் கொஞ்சம் உதவும். போதாவிட்டால் நோயாளியின் கையிலிருந்தே இரத்தம் எடுத்து, முதுகில் உறைக்கு வெளியே செலுத்துவார்கள். அது கசிவை அடைக்கும். 1960ல் ஜேம்ஸ் கோர்ம்லி என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் எழுதிய முறை இது. சிலருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை தேவைப்படும், சிலருக்கு சத்திரசிகிச்சையும் வேண்டிவரும். அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது தடவையில் நடுக்கம் நின்றது. அப்புறம் சில வாரங்களுக்குக் கூடை தூக்கவோ குனிந்து வேலை செய்யவோ கூடாது. அதற்கு வைத்தியரிடம் கடிதம் வாங்கித் தோட்டத்து ஒபீசில் கொடுத்துவிடுங்கள்.