ஈவ் முயர்ஹெட்டின் நான்கு ஆண்டுகள்

அனைவருக்கும் வணக்கம். குளிர்கால ஒலிம்பிக் நேரத்தில் கர்லிங் ஆட்டத்தை உங்களில் சிலர் டிவியில் பார்த்திருப்பீர்கள். 20 கிலோவுக்குச் சற்றே குறைந்த கருங்கல்லை ஒருவர் பனித்தளத்தில் வழுக்கிவிட, இரண்டு பேர் அதற்கு முன்னால் பனியைத் தேய்த்துக்கொண்டே போவார்கள். ஸ்காட்லாந்தை ஒட்டிய ஏய்ல்சா கிரெய்க் தீவில் எடுத்த கல் அது. கேரம் ஆடியவர்களுக்கு இந்த ஆட்டம் சீக்கிரம் பிடிபடும். நம் கல்லை வட்டத்தின் நடுவில் நிறுத்த வேண்டும், எதிராளியின் கல்லைத் தள்ளவும் வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் கடைசிக் கல் யார் கையில் இருக்கிறதோ, அவர்கள் பக்கம்தான் சாதகம்.

நான் பேச வந்தது ஈவ் முயர்ஹெட் பற்றி. பிளேர் ஆத்தல் ஊரில் வளர்ந்தவர். அப்பா கோர்டன், 1999-இல் உலகப் பட்டம் வென்ற ஸ்காட்லாந்து அணியில் இருந்தவர். மகள் நான்கு முறை உலக ஜூனியர் சாம்பியன். 19 வயதில் வான்கூவர் ஒலிம்பிக்கில் பிரிட்டன் அணிக்குத் தலைவி. 2013-இல் ரீகாவில் உலகப் பட்டம், 2014-இல் சோச்சியில் வெண்கலம். இதெல்லாம் பெருமைதான். ஆனாலும் என் மனதில் நிற்பது அதற்குப் பிறகு வந்த காலம்.

2018, பியோங்சாங் ஒலிம்பிக். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜப்பான் 4-3 என முன்னிலை. கடைசிக் கல் ஈவ் கையில். ஒரு புள்ளி எடுத்து ஆட்டத்தை நீட்டியிருக்கலாம். அவர் இரண்டு எடுத்து வென்றுவிடப் பார்த்தார். கற்கள் மோதி ஒதுங்கியபோது நடுவுக்கு நெருக்கமாக நின்றது ஜப்பானின் கல். 5-3. துணிந்து ஆடியதில் தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் பதக்கம் போய்விட்டது.

அதே ஆண்டு இடுப்பில் அறுவை சிகிச்சை. 2021 உலகப் போட்டியில் எட்டாம் இடம். ஒலிம்பிக்குக்கு நேரடி வாய்ப்பும் போனது. அப்புறம் ஒன்பது பேர் கொண்ட குழு அமைத்து, அதிலிருந்துதான் அணியைத் தேர்ந்தெடுத்தார்கள். பத்தாண்டுக்கு மேல் தலைவியாக இருந்தவர், மற்றவர்களோடு சேர்ந்து தன் இடத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. இதை ஏற்றுக்கொள்வது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள். அப்படி உருவான அணியில் இருந்த விக்கி ரைட் ஒரு நர்ஸ். கோவிட் காலத்தில் மருத்துவமனைப் பணிக்குத் திரும்பியவர். அந்த அணி ஐரோப்பியப் பட்டம் வென்றது. டிசம்பரில் நெதர்லாந்தில் நடந்த தகுதிப் போட்டியில் ஒலிம்பிக் இடத்தையும் பிடித்தது.

பெய்ஜிங்கில் முதல் கட்டத்தில் ஐந்து வெற்றி, நான்கு தோல்வி. கனடாவும் ஜப்பானும் அதே கணக்கு. மூன்று அணிகளும் தங்களுக்குள் ஒன்று வென்று ஒன்று தோற்றிருந்தன. யார் அரையிறுதிக்குப் போவது என்பது எப்படி முடிவானது தெரியுமா? ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால், கடைசிக் கல்லின் உரிமையைத் தீர்மானிக்க, ஒவ்வொரு அணியும் நடுப்புள்ளியைக் குறிவைத்து இரண்டு கல் விடும். அந்தத் தூரங்களின் சராசரியில் பிரிட்டன் முந்தியது, ஜப்பானும் தப்பியது, கனடா வெளியேறியது.

அரையிறுதியில் முதல் சுற்றிலேயே சுவீடன் நான்கு புள்ளி எடுத்துவிட்டது. அங்கிருந்து மீண்டு, கூடுதல் சுற்றில் 12-11 என வென்றார்கள். 2022 பிப்ரவரி 20, இறுதி ஆட்டம். எதிரே அதே ஜப்பான். ஏழாம் சுற்றில் நான்கு புள்ளி, முடிவில் 10-3. அந்த ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்குக் கிடைத்த ஒரே தங்கம் அதுதான். அதே ஆண்டு ஆகஸ்டில், 32 வயதில், ஈவ் ஓய்வை அறிவித்தார்.

அடுத்த முறை கர்லிங் பார்க்க உட்காரும்போது கொஞ்சம் முன்கூட்டியே டிவியைப் போடுங்கள். புள்ளிப் பலகையில் ஏறாத அந்த இரண்டு கற்களையும் பாருங்கள்.